கிரிம்சா தொரையின் பிள்ளைகள்

என் முழுப்பெயர் கிரிம்சா அழகர். முன்பாதியைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறவர்கள், உடனே அடையாள அட்டையையும் பார்ப்பார்கள். அதிலும் இதே முகம்தான் இருக்கும். தேயிலைத் தூளில் 'டஸ்ட்' என்று ஒரு தரம் உண்டு. சலித்துச் சலித்துக் கடைசியில் அடியில் தங்குவது. என் நிறம் அது. அந்த நிறத்துக்கு மேலே ஓர் இங்கிலாந்துக் குடும்பப் பெயர், கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தொண்ணூறுகளில் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சோதனைச் சாவடி இருந்தது. அழகர் என்ற பெயருக்கென்று அங்கே சில கேள்விகள் இருந்தன. எங்கே போகிறாய், யாரைப் பார்க்க, அதற்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது. கிரிம்சா என்ற பெயருக்கு அவை கிடையாது. அட்டையை வாங்கிய சிப்பாய் முன்பாதியை எழுத்துக்கூட்டிவிட்டு, "மாத்தயா லன்சித?" என்பான். ஐயா பறங்கியரா, வெள்ளைக்காரக் கலப்பு வழியா என்று அர்த்தம். நான் ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல் தலையை ஒரு வட்டம் ஆட்டுவேன். அந்த வட்டத்துக்குள் அவனுக்கு வேண்டிய பதில் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். போகச் சொல்லிவிடுவான்.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு நீளக் கதையும் ஒரு குட்டைக் கதையும் வைத்திருந்தேன். அலுப்பான நாட்களில் "வீட்ல வச்சதுங்க" என்று முடித்துவிடுவேன். ஐம்பது வயதுக்குப் பிறகு எல்லா நாளும் அலுப்பான நாளாகிவிட்டது. ஆனாலும் நீளக் கதையைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

தெமோதரைக்கு மேலே நாவக்கல் என்று எங்கள் தோட்டம். அதன் ஐந்தாம் நம்பர் மலையில், சவுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு கல்லறை இருக்கிறது. கோப்பிச் செடி நோயில் செத்துத் தேயிலை வந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் தொரை வந்து, கல்யாணம்கூடக் கட்டாமல் காய்ச்சலில் செத்துப் போனாராம். கல்லில் இருந்த மற்ற எழுத்துகளையெல்லாம் பாசி தின்றுவிட்டது. கிரிம்ஷா என்பது மட்டும் நிற்கிறது. எங்கள் ஆட்கள் முதலில் அவருக்குப் பயந்தார்கள். பிறகு பரிதாபப்பட்டார்கள். கடைசியில் கும்பிட்டார்கள். சொந்தம் என்று ஒருவரும் இல்லாமல் கிடக்கிற மனிதன் சும்மாதானே இருக்கிறார், ஏதாவது வேலை கொடுப்போம் என்று நினைத்திருப்பார்கள். தோட்டத்தில் சும்மா இருக்க யாருக்கும் அனுமதி இல்லை.

அவருக்குக் கொடுத்த வேலை பிள்ளை காப்பது. பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் கொண்டுபோய் அந்தக் கல்லின் மேல் கிடத்துவார்கள். "தொரை, இது ஒங்க புள்ள. நாங்க சும்மா வளத்துக் குடுக்குறோம்" என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொள்வார்கள். சாவு வந்து தேடினால் அந்த வீட்டில் அந்த வீட்டுப் பிள்ளை இருக்காது. தொரை வீட்டுப் பிள்ளைதான் இருக்கும். அதற்கு அடையாளமாகப் பெயருக்கு முன்னால் அவர் பெயர். பதிலுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு சுருட்டு, ஓர் அவித்த முட்டை, ஒரு மூடி சாராயம். சம்பளம் குறைவுதான். அந்த மலையில் யாருக்குத்தான் சம்பளம் போதுமாக இருந்தது?

பிள்ளைகள் எங்கள் மலையில் லேசில் தங்கியதில்லை. ஆகவே பெயர் பெருகியது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை "கிரிம்சா..." என்று ஆரம்பித்தால் பாதி வரிசை நிமிர்ந்து பார்க்கும். கிரிம்சா மூக்காயி, கிரிம்சா ராசு, கிரிம்சா பூங்காவனம். அந்தப் பூங்காவனம் என் சித்தப்பா மகள்.

நான் படித்துத் தோட்டத்தை விட்டு இறங்கி, பதுளையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆனேன். சிங்களத்தில் வருகிற சண்டையை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் வருகிற மிரட்டலைத் தமிழிலும் மாற்றிக் கொடுப்பது தொழில். மூன்று மொழியிலும் மனிதர்கள் ஒரே விஷயத்துக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த பிறகு வேலையில் சுவாரசியம் போய்விட்டது, வேலை போகவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில், சண்டை நின்று ரோட்டெல்லாம் திறந்திருந்த நேரத்தில், என் மகள் ஜீவராணி ஒருநாள் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னாள். "அப்பா, மதுரன்னு ஒருத்தர். பேங்க்ல வேலை. அவங்க வீட்ல இருந்து பேச வருவாங்க." அவள் பதுளையில் ஆசிரியை. வகுப்பில் பாடம் நடத்துகிற அதே குரல். கேள்வி கேட்க இடம் வைக்கவில்லை.

மதுரனின் தகப்பன் குமாரசிங்கம், அரசாங்கக் கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து ஆள். பதுளைக்கு வந்து வெகுகாலமாகியும் குடையை மட்டும் யாழ்ப்பாண வெயிலுக்குப் பிடிப்பதுபோலவே பிடிப்பார். அவர் வீட்டுக்கு வருகிறார் என்றதும் நான் ஒரு பிரசங்கம் தயார் பண்ணினேன். தோட்டத்து ஆட்கள் என்றால் என்ன குறைவு, எங்கள் முதுகில்தானே இந்த நாடு ஏறி உட்கார்ந்தது என்கிற ரீதியில். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

பிரசங்கத்துக்கு இடமே வரவில்லை. அவர் வந்தார், செருப்பை ஒழுங்காகக் கழற்றினார், வடை நல்லாயிருக்கு என்றார், "எங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லை, மிஸ்டர் கிரிம்ஷா" என்றார். பேச்சுக்குப் பேச்சு மிஸ்டர் கிரிம்ஷா. அவர் மனைவி செல்வநாயகி எங்கள் சாமிப் படங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கும்பிட்டு முடித்துவிட்டு, ஜீவராணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்ல மனுசன்தான். நீங்கதான் சண்டைக்குப் போற மாதிரி மூஞ்சிய வச்சிருந்தீங்க" என்றாள் என் மனைவி தனலெட்சுமி.

"அந்த மிஸ்டர்தான் இடிக்குது."

"மரியாதை குடுத்தாலும் குத்தமா ஒங்களுக்கு?"

உண்மையில், வீணாய்ப் போன பிரசங்கத்தை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது.

நாள் பார்ப்பதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது புஹாரி போன் எடுத்தார். ஸ்டேஷன் பக்கம் தங்குவிடுதி வைத்திருக்கிறவர். வெள்ளைக்காரர் யாராவது கதை கேட்டால் என்னிடம் தள்ளிவிடுவார்.

"அழகர், ஒங்கட குடும்பத்து ஆள் ஒண்டு வந்தீக்கி. கெதியா வாங்க."

"யாரு?"

"ஒங்கட பெரியம்மா. லண்டன்ல இருந்து. எங்கட முட்டை ரொட்டிய கத்தியால வெட்டிக்கிட்டு ஈக்கிறா."

ஹில்டா கிரிம்ஷா எழுபதைத் தாண்டிய, மெலிந்த, களைத்த பெண். பதுளையில் கிரிம்ஷா ஒருவர் இருக்கிறார் என்று புஹாரி சொல்லியிருந்தார். எப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. என்னைக் கண்டதும் ஏமாற்றம் ஏதும் காட்டாமல் எழுந்து கைகொடுத்தார். நல்ல வளர்ப்பு.

அவருடைய தாத்தாவின் சகோதரர் ஒருவர் இலங்கைக்கு வந்து காணாமல் போய்விட்டாராம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் குடும்பப் பெயரைத் தோண்ட ஆரம்பித்திருக்கிறார். இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயரில் கிரிம்ஷா என்று ஒரு சின்ன இடம். அங்கிருந்து போனவர்களை அந்த இடத்தின் பெயராலேயே கூப்பிட்டு, அது குடும்பப் பெயராகிவிட்டதாம். பருத்தி ஆலை ஊர்களில் ஒரு காலத்தில் எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் ஒரு கிரிம்ஷா எட்டிப் பார்ப்பாராம். "இப்போது எங்கள் கிளையில் கூப்பிட்டால் நான் மட்டும்தான் எட்டிப் பார்க்க வேண்டும். என்னைக் கூப்பிடவும் ஆள் இல்லை" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நாம் உறவா?" என்று கேட்டார்.

நீளக் கதையை எடுக்கலாம். ஆனால் அவர் கண்ணில் ஏதோ ஓர் ஆசை ஏறி உட்கார்ந்திருந்தது. அதை அந்த முட்டை ரொட்டிக்கு முன்னால் வைத்து இறக்க மனம் வரவில்லை. "நாளைக்கு மலைக்குப் போவோம். அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்களே கேளுங்கள்" என்றேன்.

பதுளையில் ஒரு செய்தி பஸ்ஸை விட வேகமாகப் போகும். அன்று பின்னேரமே குமாரசிங்கம் வந்து நின்றார்.

"உங்கட ஆக்கள் இங்கிலாந்தில இருந்து வந்திருக்கினமாம். நாங்களும் வாறம், மிஸ்டர் கிரிம்ஷா. வான் பிடிச்சாச்சு."

காலையில் என் சட்டைக்கு ஜீவராணியே இஸ்திரி போட்டாள். கொடுக்கும்போது சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ஏதாச்சும் பேசிக் கெடுத்துறாதீங்க. ஒங்க பகிடியெல்லாம் அவங்களுக்கு வெளங்காது. எனக்காக இன்னைக்கு மட்டும் சும்மா இருங்க."

"சரிம்மா" என்றேன். அவளிடம் அதுவரைக்கும் நான் எதையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஸலீம் என்பவர் ஓட்டுகிற வான். முன்னால் ஹில்டா, நடுவில் குமாரசிங்கம், செல்வநாயகி, நான். தெமோதரைக்குப் போகிற பாதையில் இருக்கிற தெய்வங்கள் அத்தனை பேரும் செல்வநாயகிக்குப் பழக்கம். பிள்ளையார் வந்தால் வான் நிற்க வேண்டும். புத்தர் வந்தாலும் நிற்க வேண்டும். மாதா கூட்டுக்கும் நின்றோம். கைப்பையில் கற்பூரமும் தீப்பெட்டியும் எப்போதும் இருந்தன.

"இவ இப்பிடித்தான். காணுற கல்லுக்கெல்லாம் நேர்த்தி வைப்பா" என்றார் குமாரசிங்கம். பிறகு குரலைத் தாழ்த்தி, "பகிடி பண்ணக்கூடாது, பாருங்கோ. கதிர்காமத்துக்கு வைச்ச நேர்த்தி ஒண்டை நான் ஒரு வருஷம் பிந்திப்போட்டன். அந்த வருஷம் போன முழங்கால்தான் இது. இன்னும் திரும்பி வரேல்லை" என்று வலது முழங்காலைத் தடவிக் காட்டினார்.

எனக்கு அவரை முதல் தடவையாகப் பிடித்தது. அந்த நல்லெண்ணம் இரண்டு வளைவு வரைக்கும் தாங்கியது.

"ஒரு விஷயம் சொல்லவேணும், மிஸ்டர் கிரிம்ஷா. லண்டனில என்ர தமக்கை இருக்கிறா. இந்தச் சம்பந்தத்தைச் சொன்ன உடனை, 'என்னடா, தோட்டத்துப் பெட்டையோ?' எண்டு கேட்டவ. நான் சொன்னன், இல்லை அக்கா, தோட்டத்தில இருந்தாலும் தோட்டத்து ஆக்கள் இல்லை, அது கிரிம்ஷா குடும்பம், பழைய துரைமார் வழி எண்டு. பிறகுதான் வாயை மூடினவ. இண்டைக்கு இந்த அம்மாவோட நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டால் எல்லாம் சரி."

மிஸ்டர் ஏன் இடித்தது என்று அப்போதுதான் விளங்கியது.

வெளியே மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் பாட்டியின் பாட்டியை ஒரு வெள்ளைக்காரன் பங்களாவுக்குள் கூப்பிட்டிருந்தால், அது என் சம்பந்திக்குக் கௌரவம். அவள் பங்களாவுக்கு வெளியே கூடையோடு நின்றிருந்தால், அது லண்டன் வரைக்கும் அவமானம். இதற்கு மூன்று மொழியில் எனக்குப் பதில் தெரியும். மூன்றும் தொண்டைக்குள் நின்று ஒன்றை ஒன்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தன, நீ முதலில் போ என்று. இஸ்திரி போட்ட சட்டை முதுகில் நனைந்தது. சும்மா இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். சும்மாவே இருந்தேன்.

கல்லறைக்கு நாங்கள் ஏறியபோது பகல் நிறுவை முடிந்திருந்தது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்ட பெண்கள், தொரையின் சொந்தக்காரி வருகிறாள் என்று கேள்விப்பட்டுச் சவுக்கு மரங்களுக்குக் கீழே கூடியிருந்தார்கள். யாரோ கல்லைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். மேலே ஒரு சுருட்டு, செவ்வந்திப்பூ, உரித்த முட்டை.

ஹில்டா வெகுநேரம் கல்லைப் பார்த்தார். குனிந்து எழுத்துகளை விரலால் தடவினார். முட்டையைப் பார்த்தபோது மட்டும் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு என்னிடம் திரும்பி, "இவர்களில் கிரிம்ஷா யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன்.

கை தூக்கினார்கள். முன்வரிசை, பின்வரிசை, மரத்தில் சாய்ந்திருந்தவர்கள், தலையில் சாக்குப் படங்குத் துண்டோடு நின்றவர்கள். ஒருத்தி இடுப்பிலிருந்த பிள்ளையின் கையையும் சேர்த்துத் தூக்கினாள். ஹில்டா ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

குமாரசிங்கத்தின் குடை மெல்லச் சாய்ந்தது. "இது... இவ்வளவு பேரும் அந்தத் துரையின்ர வழியோ?"

பூங்காவனம் சிரித்த சிரிப்பில் ஒரு காகம் பறந்தது. "ஐயே, நல்லா கேட்டீங்க போங்க! தொரைக்கு அவ்வளவு தெம்பு இருந்திருந்தா காச்சல்ல ஏன் சாவுறாரு? நேத்திக்கடன் பேருங்க இது. பொறக்குற புள்ள தங்காட்டி இந்தக் கல்லுல போட்டு எடுப்போம். ஒங்க புள்ளன்னு சொல்லி அவரு பேர வச்சிருவோம்."

குமாரசிங்கம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கச்சேரியில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவர். கோப்பில் பிழை கண்டால் எப்படியாவது சரிக்கட்டிவிடத் தெரிந்தவர். ஹில்டாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "மேடம், இவர்களுக்கு இது வெறும் வழக்கம். ஆனால் மிஸ்டர் கிரிம்ஷாவுடைய குடும்பம் வேறு. அவர்கள்தான் உண்மையான வாரிசுகள்." என் முழங்கையை அவர் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன.

ஹில்டாவின் முகத்தில் நேற்று ஏறி உட்கார்ந்த ஆசை இப்போது எழுந்து நின்றது. "அப்படியா? உண்மையாகவா?"

சோதனைச் சாவடியில் ஆட்டிய அந்தத் தலையை ஒரு வட்டம் ஆட்டினால் போதும். கிழவிக்குச் சந்தோஷம். குமாரசிங்கத்துக்குப் படம். லண்டன் அக்காவுக்குப் பூட்டு. என் மகளுக்குக் கல்யாணம். தலை ஆடத் தயாராகத்தான் இருந்தது, அதற்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு ஆட்ட முடியவில்லை. எனக்கு முன்னால் பிறந்தவர்கள் எல்லாரையும் அதே மலையில் புதைத்துவிட்டு, பச்சை உடம்போடு ஏறி வந்து என்னை இந்தக் கல்லில் கிடத்தினாள் என் அம்மா. இப்போது நான் ஆமென்றால், அவள் ஏறி வந்த ஏற்றம் இல்லாமல் போய்விடும். எவனோ ஒருவன் பங்களா வாசற்படியில் இறங்கி வந்ததுதான் மிச்சமாகும்.

முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு தொழில் பழக்கத்தில் அதையே தமிழிலும் சொன்னேன். "இல்லீங்க. நானும் இந்தக் கல்லுல கெடந்த புள்ளதான். எங்கம்மா கொழுந்து எடுத்தவங்க. 'இதையாச்சும் என்கிட்ட விட்டு வைங்க'ன்னு இவருகிட்ட கேட்டாங்களாம். விட்டு வச்சாரு. அவ்வளவுதான் உறவு."

முழங்கையில் இருந்த பிடி விட்டது. குமாரசிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு வான் பக்கமாக நடந்தார். அந்த முழங்காலுக்கு இறக்கம் கஷ்டம். ஓடிப்போய்க் கைகொடுக்க நினைத்தேன். சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகளின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. கல்லறை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தொரை ஒன்றும் நினைக்க மாட்டார், என்னை அதற்கு முன்பும் தாங்கியவர்தானே.

ஹில்டாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏமாந்த முகம்தான், ஆனால் அழவில்லை. "இந்தப் பேருக்கு என்னா அர்த்தம்னு கேளுங்கண்ணே" என்றாள் பூங்காவனம். கேட்டேன்.

"ஷா என்றால் பழைய ஆங்கிலத்தில் சின்னத் தோப்பு" என்றார் ஹில்டா. "முன்பாதியில்தான் சண்டை. கிரிம் என்று ஒரு பழைய காலத்து ஆள் என்கிறார்கள் சிலர். பேய் என்கிறார்கள் சிலர். என் அப்பா பேய்க் கட்சி. பேய் நடமாடும் தோப்பு."

தமிழில் சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து சவுக்கு மரங்களைப் பார்த்தார்கள்.

"அதான் தெரியுமே!" என்றாள் பூங்காவனம். "இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தாங்க?"

ஹில்டாவுக்கு அதையும் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்லில் இரண்டு தட்டுத் தட்டி, "எங்கள் எல்லாரையும் விட உனக்குத்தான் பிள்ளைகள் அதிகம்" என்றார். அந்த நேரத்தில் ஒருத்தி தன் பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். தொரையின் சொந்த ரத்தம், தலையில் கை வைத்தால் நல்லது. அவர் பயந்து பயந்து கை வைத்தார். அடுத்தவள் வந்தாள். சற்று நேரத்தில் வரிசை தேயிலைப் பாதை வரைக்கும் நீண்டுவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் பெயர் சொல்ல, அவர் அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிக் கை வைத்தார். களைத்துப்போன இரண்டு பேர், ஒரு கல்லில் உட்கார்ந்து, யார் யாருக்கோ ஆசீர்வாதம்.

அந்தச் சந்தடியில் செல்வநாயகியை யாரும் கவனிக்கவில்லை. கற்பூர வாசம் வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். கல்லின் தலைமாட்டில் கற்பூரம் எரிந்தது. அவர் கண்ணை மூடி நின்றார். பக்கத்தில் பூங்காவனம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து குமாரசிங்கம் கத்தினார். "செல்வம்! வாரும், போவம்!"

"பொறுங்கோ, எரிஞ்சு முடியட்டும்."

"என்னத்தை எரிக்கிறீர்?" திரும்ப ஏறி வந்தார், ஒவ்வோர் அடிக்கும் ஒரு முனகலோடு.

"நேர்த்தி வைச்சிட்டன். மதுரனுக்கு இந்தப் பிள்ளையோட கலியாணம் ஒப்பேறினால், முதல் பேரப்பிள்ளையை இந்தக் கல்லில கிடத்தி இவரின்ர பேரை வைக்கிறது எண்டு."

"உமக்கு விசரே? என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீரோ?"

"நீங்கள் என்னட்டைக் கேட்டோ லண்டனுக்குப் பொய் சொன்னனீங்கள்? பொடியன் ஒரு கிழமையாச் சரியாச் சாப்பிடேல்லை. நாள் பார்க்கப் போறம் எண்டு சொல்லியும் பயத்தில இருக்குது. ஏன் எண்டு இப்பதான் எனக்கு விளங்குது. அவனுக்கு உங்களைத் தெரியும்."

"அதுக்கு இப்பிடி ஒரு..." கல்லைப் பார்த்தார். அடுத்த வார்த்தையை அதற்கு முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "நேர்த்தியைத் திருப்பி எடும்."

"வைச்சது வைச்சதுதான். கதிர்காமத்தான் எங்கட ஆள், அவருக்குப் பிந்தினதுக்கே ஒரு முழங்கால் போச்சு. இவர் வெள்ளைக்காரன். அவங்கள் எல்லாத்தையும் நேரத்துக்கு எதிர்பார்ப்பினம். மற்ற முழங்காலையும் குடுக்கப்போறீங்களோ?"

ஹில்டா என்னிடம் மெதுவாக, "என்ன சண்டை?" என்றார்.

"கல்யாணச் சண்டை" என்றேன். மேற்கொண்டு மொழிபெயர்க்க என்னிடம் தெம்பு இல்லை. அவர் தலையசைத்தார், அவருக்கு அது போதுமாக இருந்தது.

கற்பூரம் அணைந்தது. திரும்பி வருகிற வழியில் ஒரு தெய்வத்துக்கும் வான் நிற்கவில்லை. செல்வநாயகி நிறுத்தச் சொல்லவில்லை. அன்றைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது போலிருக்கிறது. குமாரசிங்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மகளுக்கு என்ன சொல்வது என்று நான் மூன்று மொழியிலும் யோசித்துக்கொண்டு வந்தேன். தெமோதரை ஸ்டேஷன் தாண்டியபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"அழகர்."

அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து முதல் தடவையாகக் கேட்டேன்.

"சொல்லுங்க."

"அந்த முட்டை. அவிச்சதோ, பொரிச்சதோ?"

"அவிச்சதுங்க."

"கோழி முட்டைதானே?"

"ஆமாங்க."

தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் வெளியே பார்க்க ஆரம்பித்தார். எனக்கு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சாய்த்துக்கொண்டேன்.

மறு வருஷம் தையில் கல்யாணம். லண்டன் அக்கா வந்திருந்தார். "எங்கையடா அந்தத் துரைமார் குடும்பம்?" என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நாவக்கல் லொறி வந்து நின்றது. பூங்காவனம் முதலில் இறங்கி அவர் கையைப் பிடித்து, "கிரிம்சா பூங்காவனமுங்க" என்றாள். பின்னால் வந்தவர்களும் ஒழுங்காகப் பெயர் சொன்னார்கள். கிரிம்சா, கிரிம்சா, கிரிம்சா. அக்கா கடைசி வரைக்கும் கைகொடுத்துக்கொண்டே இருந்தார். குமாரசிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேரன் பிறந்து முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்ததும் மலைக்குத் தூக்கிப் போனோம். கிரிம்சா கேசவன். பதுளையில் இப்போது என்னைத் தவிர இன்னொருவனும் அந்தப் பெயரோடு திரிகிறான். யாராவது காரணம் கேட்டால் தாத்தா குமாரசிங்கம் சொல்கிறார், நீளக் கதையைத்தான். எனக்கு அந்த வேலை மிச்சம்.

வருஷா வருஷம் போகிறோம். சுருட்டை நான் பற்ற வைப்பேன், சாராயத்தைப் பூங்காவனம் ஊற்றுவாள். முட்டை மட்டும் குமாரசிங்கத்தின் பொறுப்பு. வேறு யாரையும் தொட விடமாட்டார். கல்லறை ஓரத்தில் நல்ல முழங்காலை மடித்து, கெட்ட முழங்காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு கீறல் விழாமல் நிதானமாக உரிப்பார். போன தடவை உரித்துக்கொண்டிருக்கும்போது, "நேரம் சரிதானே, அழகர்?" என்று கேட்டார்.

"சரிதாங்க" என்றேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.